பலூன் கட்டியவர்களும் பலூனில் பறந்த பிரபு மகனும்: ஷார்ட் சகோதரர்கள், ரோல்ஸ் உறவு பற்றி ஒரு கேள்வி

நாமக்கல் வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் தொடக்ககால விமானத் தொழிலைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்காகப் படித்துவரும்போது, இங்கிலாந்தின் ஷார்ட் சகோதரர்களுக்கும் சார்லஸ் ரோல்ஸுக்கும் இடையே இருந்த உறவு என் கவனத்தை முழுவதுமாக இழுத்துக்கொண்டது.

ரோல்ஸை எல்லோருக்கும் தெரியும். ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயரின் முதல் பாதி அவர். லாங்கட்டக் பிரபுவின் மூன்றாவது மகன், ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். ஷார்ட் சகோதரர்களில் யூஸ்டஸும் ஆஸ்வால்டும், 1897இல் ஒரு பழைய பலூனை விலைக்கு வாங்கித் தாமே பறந்து பழகியவர்கள். அப்போது ஆஸ்வால்டுக்கு 14 வயதுதான். பின்னர் பலூன் கட்டுவதையே பிழைப்பாக்கிக்கொண்டு, லண்டன் பேட்டர்சியில் ரயில் பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் பட்டறை நடத்தினார்கள். 1906இல் பாரிஸில் நடக்கவிருந்த கார்டன் பென்னட் பலூன் போட்டிக்காக ரோல்ஸ் அவர்களிடம் ஒரு பெரிய பலூன் கட்டச் சொன்னார். அதன்பின் பலூன், சறுக்கு விமானம், எஞ்சின் விமானம் என்று நான்கு ஆண்டுகள், 1910இல் ரோல்ஸ் விபத்தில் இறக்கும் வரை, அந்தத் தொடர்பு நீடித்தது.

நான் படித்த சில கட்டுரைகள் இதை நட்பு என்கின்றன. வேறு சில, பணக்காரர் ஒருவர் கைவினைஞர்களுக்கு அளித்த ஆதரவு என்கின்றன. வகுப்பு வேற்றுமை அவ்வளவு கடுமையாக இருந்த எட்வர்ட் மன்னர் கால இங்கிலாந்தில், பொருளைச் செய்பவனும் அதற்குப் பணம் கொடுப்பவனும் பறக்கும் ஆசை ஒன்றினாலேயே நண்பர்களாக முடிந்ததா? முடிந்ததென்றால் அதற்கு என்ன சான்று? என் தந்தை லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வாழ்நாளைக் கழித்தவர் என்பதால், இந்தக் கேள்வி எனக்கு வெறும் வரலாற்றுக் கேள்வியாக இல்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மணல்மூட்டை

நண்பருக்கு வணக்கம். உங்கள் கேள்விக்குப் பலூனிலிருந்து விடை தேடுவதே சரியான வழி என்று நினைக்கிறேன்; ஏனெனில் அந்தக் காலத்துப் பலூன் எப்படிக் கட்டப்பட்டது, எப்படிப் பறந்தது என்று தெரியாமல் அந்த உறவின் தன்மையைப் புரிந்துகொள்ள முடியாது.

துணியை நீண்ட இலை வடிவத் துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, ஆளிவிதை எண்ணெய் கலந்த வார்னிஷைப் பல பூச்சுகளாகப் பூசிக் காயவைப்பார்கள். பூச்சு மெல்லியதாக இருந்தால் வாயு கசியும். தடித்தால் எடை கூடும், மடிக்கும் இடத்தில் வெடிக்கும். பலூனின் உச்சியில் ஒரு வால்வு இருக்கும். அதன் கயிறு உட்புறமாகவே கீழிறங்கிக் கூடையில் நிற்பவரின் கைக்கு வரும். தரையிறங்கும்போது காற்று இழுத்துச் செல்லாமல் இருக்க, இழுத்தவுடன் கிழிந்து வாயு முழுவதையும் வெளியேற்றும் ஒரு பட்டையும் வைப்பார்கள். அந்தப் பட்டை தேவையான நொடியில் கிழிய வேண்டும், தேவையில்லாத எந்த நொடியிலும் கிழியக்கூடாது. பலூனைச் சுற்றிப் போர்த்திய கயிற்று வலை ஒரு வளையத்தில் வந்து சேரும். கூடை அந்த வளையத்திலிருந்து தொங்கும். இவற்றில் எந்த ஒன்று தவறினாலும் கூடையில் இருப்பவர் உயிரோடு திரும்பமாட்டார்.

உள்ளே நிரப்புவது பெரும்பாலும் நகர விளக்குகளுக்குப் பயன்பட்ட நிலக்கரி வாயு. ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் அதன் தூக்கும் திறன் ஏறக்குறையப் பாதிதான், ஆனால் விலை மலிவு, எங்கும் கிடைக்கும். ஷார்ட் சகோதரர்கள் பேட்டர்சி வளைவுகளைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணம்: அருகிலேயே வாயுத் தொழிற்சாலை இருந்தது. பட்டறையில் கட்டி, பக்கத்திலேயே நிரப்பி, அங்கிருந்தே மேலே போகலாம். வாடிக்கையாளர் பலூனைத் தேடி அந்த ரயில் வளைவுக்கே வந்தாக வேண்டும். நகையையோ துணியையோ போலத் தயாரிப்பை அவர் மாளிகைக்கு அனுப்பிவைக்க முடியாது. வாயு நிரம்பும் வரை மணிக்கணக்காக இருவரும் ஒரே இடத்தில் நின்று, மணல் மூட்டைகளை வலையில் மாட்டுவதும் இறக்குவதுமாக வேலை செய்திருக்க வேண்டும். பிரபு மகன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் இடம் அன்று. ரோல்ஸ் அப்படி நிற்பவரும் அல்லர். எஞ்சின்களோடு புழங்கி எண்ணெய்க் கறையோடு திரிந்ததால் மாணவப் பருவத்திலேயே ‘அழுக்கு ரோல்ஸ்’ என்ற பட்டப்பெயர் வாங்கியவர் அவர்.

1906 போட்டியைப் பாருங்கள். செப்டம்பர் 30 அன்று பாரிஸின் துய்லரி தோட்டத்திலிருந்து பலூன்கள் புறப்பட்டன. ரோல்ஸ் கர்னல் கேப்பரோடு ‘பிரிட்டானியா’ என்ற ஷார்ட் பலூனில் பறந்து, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் இறங்கி மூன்றாம் இடம் பெற்றார். தூரத்தில் முதலிடம் பெற்றவர் யார்க்‌ஷயர் வரை சென்ற அமெரிக்கர் ஃபிராங்க் லாம். ஆனால் ரோல்ஸ் வானில் இருந்தது 26 மணி நேரத்துக்கும் மேல்; லாம் இருந்ததைவிட அதிகம். இந்த எண்ணைச் சாதாரணமாகக் கடந்து செல்லக்கூடாது. பலூனில் ஒவ்வொரு மணி நேரமும் கசியும் வாயுவுக்கு ஈடாக மணலைக் கொட்டியே உயரத்தைக் காக்க வேண்டும். மணல் தீர்ந்தால் பயணம் தீர்ந்தது. எனவே 26 மணி நேரம் என்பது ஓட்டியவரின் திறமைக்கு எவ்வளவு சான்றோ, அதே அளவுக்குப் பேட்டர்சியில் தைத்த தையலுக்கும் பூசிய வார்னிஷுக்கும் சான்று. இரவு முழுவதும் வானில் தொங்கிக்கொண்டிருந்தபோது, தன் உயிர் யாருடைய கைவேலையில் நிற்கிறது என்று ரோல்ஸுக்குத் தெரியும். ஷார்ட் சகோதரர்களும் தாமே பறப்பவர்கள் என்பதால், அந்த இரவு எப்படிப்பட்டதென்று அவர்களுக்கும் சொல்லாமலே தெரியும். வெறும் வணிகத்தில் இந்த இரண்டாவது பாதி இருப்பதில்லை.

இந்தத் தொடர்பு தொடங்கிய விதத்தில் இந்தியாவுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. 1905இல் ஷார்ட் சகோதரர்களுக்குப் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்காக மூன்று பலூன்கள் கட்டும் ஒப்பந்தம் கிடைத்தது. அவற்றின் தரத்தைக் கண்டு மகிழ்ந்த ராணுவ பலூன் பிரிவின் கர்னல் டெம்ப்ளர்தான் அவர்களை ரோல்ஸுக்கு அறிமுகப்படுத்தினார். குடும்பத் தொடர்பும் இல்லை, விருந்து மேசை அறிமுகமும் இல்லை. செய்த வேலையே அவர்களை அழைத்துச் சென்றது.

வேரா ரசிகை

மணல்மூட்டை அவர்களின் விளக்கம் மிக அருமை. இருந்தாலும் ஓர் இடத்தில் நான் மாறுபடுகிறேன். ஒரே கூடையில் நின்றால் வேற்றுமை மறைந்துவிடும் என்பது உண்மையானால், ஷார்ட் சகோதரர்களுக்கு முன்பே அது நடந்திருக்க வேண்டும்.

1901 செப்டம்பர் 24 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸிலிருந்து ‘சிட்டி ஆஃப் யார்க்’ என்ற பலூன் கிளம்பியது. அதில் நான்கு பேர் இருந்தனர்: மது வணிகர் ஃபிராங்க் ஹெட்ஜஸ் பட்லர், அவர் மகள் வேரா, சார்லஸ் ரோல்ஸ், பலூனை ஓட்டிய ஸ்டான்லி ஸ்பென்சர். திட்டமிட்டிருந்த மோட்டார் பயணம் தடைப்பட்டுப் போனதால் வேராவின் முயற்சியில் ஏற்பாடான பயணம் அது. பிரிட்டனுக்கென ஒரு வானோடிகள் கழகம் தொடங்க வேண்டும் என்ற முடிவு பறந்துகொண்டிருந்தபோதே எடுக்கப்பட்டது. பின்னாளில் ‘ராயல் ஏரோ கிளப்’ ஆனது அந்தக் கழகம்தான். நிறுவியவர்களாக எல்லா நூல்களும் சொல்லும் பெயர்கள் மூன்று. நான்காம் ஆளான ஸ்பென்சர், பலூன் கட்டுவதையும் பறப்பதையும் தலைமுறைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் வந்தவர். மறு ஆண்டே, 1902 செப்டம்பரில், பிரிட்டனின் முதல் எஞ்சின் வான்கப்பலைக் கட்டி லண்டனுக்கு மேல் ஓட்டிக் காட்டியவர். அந்தக் கூடையில் இருந்தவர்களிலேயே வானத்தை மிக நன்றாக அறிந்தவர் அவர்தான். ஆனாலும் அவர் கூலிக்கு அமர்த்தப்பட்டவராகவே நினைவில் நிற்கிறார்.

இதை எண்ணும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. பறக்கும் ஆசை ஒன்று மட்டும் போதுமானதாக இருந்தால், ஸ்பென்சரின் பெயர் விடுபட்டிருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1909 மே 4 அன்று ரைட் சகோதரர்கள், ஷார்ட் சகோதரர்களின் விமானப் பட்டறை இருந்த இங்கிலாந்தின் ஷெப்பி தீவின் ஷெல்பீச்சுக்கு வந்தபோது, மஸல் மேனர் என்ற வீட்டின் முன் எடுத்த புகைப்படம் பலராலும் பகிரப்படுகிறது. முன்வரிசையில் ஆங்கில விமானி மூர்-பிரபசான், வில்பர் ரைட், ஆர்வில் ரைட், ரோல்ஸ் ஆகியோர் அமர்ந்திருக்கிறார்கள். ஆஸ்வால்ட், ஹோரஸ், யூஸ்டஸ் மூவரும் பின்னால் நிற்கிறார்கள். அவர்கள் பட்டறை நடக்கும் இடத்திலேயே அவர்கள் நிற்கிறார்கள், வந்தவர்கள் அமர்கிறார்கள். நட்பு இருந்திருக்கலாம், ஆனால் அது பட்டறையின் எல்லைக்குள் இருந்த நட்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

மெட்வே கரை

இருவரின் பதிலையும் படித்தேன். புகைப்படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் நிற்பவர்களில் ஷார்ட் சகோதரர்களை அடுத்து நிற்பவர் ஃபிராங்க் மக்லீன், பெரும் செல்வர். அதே வரிசையில் பட்லரும், காப்புரிமை வழக்குகளில் தேர்ந்த கிரிஃபித் புரூவரும் நிற்கிறார்கள். எனவே அந்தப் படத்தின் வரிசையை வகுப்பு வரிசையாகப் படிக்க இயலாது. ரோல்ஸ் அன்று ரைட் சகோதரர்களைத் தன் காரிலேயே லண்டனிலிருந்து அழைத்து வந்தவர். விருந்தினரோடு அவர் அமர்ந்ததில் வியப்பில்லை.

ஸ்பென்சரைப் பற்றிச் சொன்னது மறுக்க முடியாதது. ஆனால் 1901க்கும் 1906க்கும் இடையே ஒரு முக்கியமான மாற்றம் நடந்திருக்கிறது. 1901இல் ரோல்ஸ் ஒரு பயணி. ஓட்டுபவரை வாடகைக்கு அமர்த்திக்கொண்டவர். 1906இல் அவரே ஓட்டுபவர். பயணிக்குக் கட்டியவரோடு பேச வேண்டிய தேவை இல்லை. ஓட்டுபவருக்கு வால்வின் ஒவ்வொரு திருகையும் பற்றிப் பேசியாக வேண்டும். பொருளை ஆளத் தெரிந்த வாடிக்கையாளனும் பொருளைக் கட்டத் தெரிந்த தொழிலாளியும் பேசிக்கொள்ளும்போதுதான் சமமான பேச்சு பிறக்கிறது. ரோல்ஸ் மொத்தமாக 170க்கும் மேற்பட்ட முறை பலூனில் பறந்தவர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்ட நண்பர் தன் உரையில் ரோல்ஸை மட்டும் வைத்துக்கொண்டால் பாதிக் கதையே கிடைக்கும். செல்வருக்கும் கைவினைஞருக்கும் இடையே உண்மையான நட்பு எப்படி இருந்தது என்று காட்டுபவர் மக்லீன்தான் என்பது என் உறுதியான கருத்து.

மக்லீன் வானியல் அறிஞர் ஒருவரின் மகன்; சூரிய கிரகணங்களைக் காண்பதற்காகவே தன் செலவில் கடல்கடந்து சென்றவர்; பொறியியல் படித்து, இளமையில் சில ஆண்டுகள் இந்தியப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். ரோல்ஸைப் போலவே அவரும் முதலில் பலூனில் பறந்து பழகியவர். 1908இல் வில்பர் ரைட் பிரான்சின் லமான் நகரில் பறந்து காட்டிய செய்தி கழக உறுப்பினர்கள் வழியாகப் பேட்டர்சிக்கு வந்தது. பலூன் காலம் முடிந்தது என்று ஆஸ்வால்ட் உடனே உணர்ந்துகொண்டு, நீராவிச் சுழலித் தொழிலில் இருந்த அண்ணன் ஹோரஸை அழைத்து வந்தார். 1908 நவம்பரில் மூவரும் சமமாகப் பங்கிட்டு 600 பவுண்டு முதலில் கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள். அவர்களுக்கு வந்த முதல் இரண்டு ஆணைகள் யாரிடமிருந்து தெரியுமா? சறுக்கு விமானம் ஒன்று வேண்டுமென்று ரோல்ஸும், எஞ்சின் விமானம் ஒன்று வேண்டுமென்று மக்லீனும் கேட்டார்கள். அதுவரை ஒரு விமானம்கூடக் கட்டியிராத மூன்று பேரிடம், பலூன் பழக்கத்தை மட்டுமே நம்பிக் கொடுத்த ஆணைகள் அவை.

மக்லீனுக்காகக் கட்டிய முதல் விமானம் 1909 மார்ச்சில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் துணி போர்த்தாத நிலையிலேயே வைக்கப்பட்டது. பின்னர் எஞ்சின் பொருத்திச் சோதித்தபோது, அது எழும்பவே இல்லை. பல முறை முயன்றும் பறந்ததாகச் சொல்லத்தக்க அளவுக்கு அது ஒருபோதும் பறக்கவில்லை. சாதாரண வாடிக்கையாளர் என்ன செய்திருப்பார் என்று நாம் எல்லோரும் அறிவோம். மக்லீன் அடுத்தடுத்து அவர்களிடமே விமானங்கள் வாங்கிக்கொண்டிருந்தார். அதோடு நிற்காமல், அதே ஷெப்பி தீவின் ஈஸ்ட்சர்ச் பகுதியில் நிலம் வாங்கி, கழகம் பறப்பதற்கும் ஷார்ட் சகோதரர்கள் பட்டறை அமைப்பதற்கும் வழி செய்தார். 1911இல் தன் விமானங்களையே கடற்படைக்கு இரவல் கொடுத்து, நான்கு அதிகாரிகள் அங்கே பறக்கக் கற்றுக்கொள்ள வாய்ப்பளித்தார். அவர்களுக்குப் பறக்கக் கற்பித்தவர் ஜார்ஜ் காக்பர்ன். எஞ்சினையும் கட்டமைப்பையும் கற்பித்தவர் ஹோரஸ் ஷார்ட். கடற்படைக்கும் ஷார்ட் நிறுவனத்துக்கும் இடையே பின்னாளில் வளர்ந்த பெரிய வணிகத்தின் வேர் இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி 1914ஆம் ஆண்டுப் பயணம். எகிப்தின் அலெக்சாண்டிரியாவிலிருந்து நைல் நதி வழியாகக் கார்ட்டூம் வரை செல்ல, ஷார்ட் சகோதரர்கள் மக்லீனுக்காகவே ஒரு நீர் விமானத்தைக் கட்டினார்கள். ஜனவரியில் கிளம்பிய பயணம் மார்ச்சில்தான் முடிந்தது. வழியெல்லாம் எஞ்சின் கோளாறு. அந்தப் பயணத்தில் மக்லீனோடு சென்றவர்களில் ஹோரஸும் ஒருவர். வாடிக்கையாளருடைய கனவுப் பயணத்தில், கட்டியவரும் அதே விமானத்தில் இடம் பெற்றுப் பாலைவனக் கரைகளில் வாரக்கணக்காகக் கூட இருந்திருக்கிறார். பட்டறையின் எல்லைக்குள் இருந்த நட்பு என்று வேரா ரசிகை அவர்கள் சொன்னதற்கு, இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

நாமக்கல் வாசகன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 26 மணி நேரத்துக்குள் வார்னிஷின் கதை இருக்கிறது என்பதும், பறக்காத விமானத்துக்குப் பிறகும் மக்லீன் விலகவில்லை என்பதும் என் உரையின் நடுப்பகுதியாகவே அமையும்.

ஒரே ஓர் ஐயம் மீதி இருக்கிறது. ரைட் சகோதரர்களின் விமானத்தைப் பிரிட்டனில் கட்டும் உரிமை ஷார்ட் சகோதரர்களுக்குக் கிடைத்ததில் ரோல்ஸின் பங்கு எவ்வளவு? அவர் தானே ஒரு கார் நிறுவனத்தின் பங்காளி அல்லவா? அந்த வேலையைத் தன் நிறுவனத்துக்கே கொண்டுபோயிருக்கலாமே? அப்படிச் செய்யாததை நட்பின் அடையாளமாகக் கொள்ளலாமா?

மணல்மூட்டை

நல்ல கேள்வி, ஆனால் இதில் மிகைப்படுத்திவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் கவனமாகவே சொல்கிறேன்.

ரோல்ஸ் தன் நிறுவனத்தை வான்தொழிலுக்குத் திருப்ப முயலாமல் இல்லை. 1907 முதலே அவர் மனம் காரைவிட்டு வானத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. விமான எஞ்சின் ஒன்றை வடிவமைக்கும்படி ராய்ஸிடமும் மற்ற இயக்குநர்களிடமும் அவர் கேட்டார், அவர்கள் இணங்கவில்லை. எனவே அவர் வேலையை விட்டுக்கொடுத்தார் என்று உங்கள் உரையில் சொல்ல வேண்டாம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ராய்ஸும் ஒரு மாபெரும் கைவினைஞர். வறுமையில் வளர்ந்து தன் கையாலேயே முன்னேறியவர். 1904இல் மான்செஸ்டரில் சந்தித்த நாள் முதல் ரோல்ஸும் அவரும் ஒரே தொழிலில் இணைந்திருந்தார்கள். இருந்தும் வானத்தைப் பற்றிய ஆவலை ராய்ஸோடு பகிர்ந்துகொள்ள ரோல்ஸால் முடியவில்லை. பேட்டர்சியிலும் ஷெப்பி தீவிலும் அது முடிந்தது. தன் பெயரையே பாதியாகக் கொண்ட நிறுவனத்தின் அன்றாடப் பொறுப்பிலிருந்து அவர் பின்வாங்கினார். ஷார்ட் பட்டறைக்குச் செல்வதை நிறுத்தவில்லை. பொது ஆசை ஒன்று எவ்வளவு தூரம் மனிதர்களை இணைக்கும் என்பதற்கு, ரோல்ஸின் வாழ்க்கையிலேயே இருபுறமும் சான்று இருக்கிறது.

ரைட் உரிமையைப் பொறுத்தவரை, ஒரு தனி மனிதரின் பரிந்துரை என்பதைவிட ஒரு வட்டத்தின் நம்பிக்கை என்று சொல்வதே பொருந்தும். ரோல்ஸ் முதல் பலூனை வாங்கியதிலிருந்து கழக உறுப்பினர்கள் பலரும் ஷார்ட் சகோதரர்களின் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். 1908இல் புரூவர், ரோல்ஸ், பட்லர் முதலியோர் பிரான்சுக்குச் சென்று வில்பரோடு பறந்தபோது, அவர்கள் எல்லோருமே ஷார்ட் சகோதரர்களின் வேலையை நன்கு அறிந்தவர்கள். இங்கிலாந்தில் இதைக் கட்டக்கூடியவர் யார் என்ற பேச்சு எழுந்தால், அந்த வட்டத்தில் வரக்கூடிய பெயர் அவர்களுடையதுதான். 1909இன் தொடக்கத்தில் ஹோரஸ் பிரான்சின் போ நகருக்குச் சென்று, ரைட் விமானத்தை அளந்து வரைபடங்கள் வரைந்தார். அதைக் கொண்டு ஆறு விமானங்கள் கட்டப்பட்டன. ஆறும் கழக உறுப்பினர்களுக்கே சென்றன. ஒரே வடிவத்தில் பல விமானங்களை வரிசையாகக் கட்டிய முதல் நிறுவனம் என்று ஷார்ட் சகோதரர்கள் போற்றப்படுவது இந்த ஆறினால்தான். அவற்றுள் ஒன்று ரோல்ஸுடையது. அந்த விமானத்தை ஓட்டப் பழகுவதற்கான சறுக்கு விமானத்தையும் அவர் ஷார்ட் சகோதரர்களிடமே வாங்கியிருந்தார்.

வேரா ரசிகை

நைல் பயணத்தைப் பற்றி மெட்வே கரை அவர்கள் எழுதியதைப் படித்தபின், மக்லீனைப் பொறுத்தவரை என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். அது நட்புதான். ரோல்ஸைப் பொறுத்தவரை, நான்கு ஆண்டுகளே கிடைத்த ஓர் உறவு அது. இன்னும் வாழ்ந்திருந்தால் எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள். ரோல்ஸின் மரணத்தைச் சொல்லும்போது விவரத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். 1910 ஜூன் 2 அன்று அவர் ஆங்கிலக் கால்வாயை 95 நிமிடங்களில் நிற்காமல் போய்வந்து பெரும் புகழடைந்தார். ஜூலை 12 அன்று போர்ன்மத் நகரில் நடந்த பறத்தல் விழாவில், வால் பகுதி முறிந்து விழுந்து இறந்தார், வயது 32. அன்று அவர் ஓட்டியது ரைட் விமானம் என்பதால் பலர் அதை ஷார்ட் சகோதரர்கள் கட்டியதென்று எண்ணிக்கொள்கிறார்கள். அது பிரான்சில் கட்டப்பட்டது. உங்கள் அவையில் பட்டறைத் தொழிலாளர்களும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். தன் கையால் கட்டிய பொருள் நண்பனைக் கொன்றதா இல்லையா என்பது அவர்களுக்குச் சிறிய விவரம் அன்று.

மெட்வே கரை

மிகவும் சரியாகச் சொன்னீர்கள். கூடவே யூஸ்டஸைப் பற்றியும் நான்கு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், நாமக்கல் நண்பரே. ஹோரஸின் அறிவையும் ஆஸ்வால்டின் நீண்ட வாழ்வையும் பேசுபவர்கள், முதன்முதலில் அந்தப் பழைய பலூனை வாங்கிய யூஸ்டஸை மறந்துவிடுகிறார்கள். 1932இல், நிறுவனம் பெரிதாக வளர்ந்த பிறகும், தானே ஒரு சிறு நீர் விமானத்தை ஓட்டிவந்து நீரில் இறக்கிய சில நொடிகளில் மாரடைப்பால் இறந்தார். ரோல்ஸும் மக்லீனும் நம்பியது இந்த மனிதரைத்தான். விற்பதற்காகப் பறந்தவர் அல்லர், பறப்பதற்காகவே பட்டறை வைத்தவர். ஈஸ்ட்சர்ச் சிற்றூரில் தேவாலயத்துக்கு எதிரே 1955இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தின் படங்கள் இணையத்தில் கிடைக்கும். உரையின்போது திரையில் காட்டினால் கேட்பவர்களுக்கு இடம் மனத்தில் பதியும். மஸல் மேனர் புகைப்படத்தையும் காட்டுங்கள். நிற்பவர்கள் யார், அமர்ந்திருப்பவர்கள் யார் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் காட்டினால், இந்த இழையில் நாங்கள் வாதிட்டதை உங்கள் அவையினரும் தாமே வாதிட முடியும்.